நாற்பத்தொன்றாவது ஜோடி

எங்கள் ஆபீஸில் செத்துப்போனவர்களுக்கு இடம் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, அது விதி. விதிப் புத்தகத்தில் ஒன்பதாவது.

இரண்டு நாடுகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பத்து வருடம் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. எங்கள் நாட்டில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டில் அதே தொழில், வீட்டில் அதே ஆள் எண்ணிக்கை, குழந்தைக்கும் அதே வயது என்று இன்னொரு குடும்பத்தைத் தேடிப்பிடிப்போம். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஜோடி. நடுவில் ஓர் ஆறும் இரண்டு ராணுவமும் இருந்தாலும் ஒன்றுக்கொன்று எதிர்வீடு என்றுதான் சொல்வோம். வருடத்தின் முதல் மாதம் இரு பக்கமும் ஒரே படிவத்தை நிரப்ப வேண்டும். அறுபத்து நான்கு கேள்விகள். குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை தடவை அலைய வேண்டியிருக்கிறது, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறது, குழந்தையின் உயரம் எவ்வளவு.

ஏதாவது ஒரு பக்கம் குழந்தை இறந்துவிட்டால் அந்த ஜோடியையே ஆய்விலிருந்து தூக்கிவிடுவோம். அதுதான் விதி ஒன்பது. அதனால் எங்கள் ஆண்டறிக்கையைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவரும். இரண்டு நாட்டிலும் குழந்தைகள் சாவதே இல்லை.

நான் அங்கே சரிபார்ப்பவள். வரும் படிவங்களை வரிவரியாகப் படித்து, பொய் வாடை அடிக்கும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். தண்ணீர் வராத தெருவில் ஒருவர் தினமும் இரண்டு தடவை குளிக்கிறேன் என்று எழுதியிருந்தால் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஆபீஸில் என்னைக் கண்டாலே களத்துக்குப் போகும் ஆட்கள் நடுங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்ட நான் ஏழு வருடமாக ஒரு பொய்யை என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்றாவது ஜோடியின் இந்தப் பக்கத்து வீடு என்னுடையது. ஆய்வு தொடங்கிய வருடம், நான்கு வயதுப் பெண் குழந்தை உள்ள ஒரு தச்சர் குடும்பம் குறைந்தது. அப்போதிருந்த பிரிவுத் தலைவர் தலையைச் சொறிந்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் தச்சர்தானே? உங்க வீட்டையே போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா" என்றார். போட்டேன். அடுத்த வருடமே அவர் மாற்றலாகிப் போய்விட்டார். முகவரிப் பட்டியல் என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. படிவங்களில் வெறும் எண்தான்.

மூன்றாவது வருடம் மழை மாதத்தில் என் மகள் போய்விட்டாள். ஆறு வயது. மத்தியானம் காய்ச்சல், சாயங்காலத்துக்குள் இழுப்பு. ஆம்புலன்ஸ் எண் முதல் பன்னிரண்டு தடவை வேறு அழைப்பில் இருந்தது. பதின்மூன்றாவது தடவை எடுத்தவர் முகவரியை மூன்று முறை கேட்டார். வண்டி வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு பணிக்குப் போயிருந்தார். எந்தப் பணி என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் என்கிற முப்பத்தெட்டாவது கேள்விக்கு மூன்று வருடமாகப் பிறர் எழுதிய பதில்களைச் சரிபார்த்தவள் நான். அந்த எண் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அதன் நீளம் தெரிந்தது.

அடுத்த வருடம் முதல் மாதம் எதிர்வீட்டுப் படிவம் வந்தது. முப்பத்தெட்டாவது கேள்வி: ஏழு நிமிடம். குழந்தை: பெண், வயது ஏழு, உயரம் நூற்றுப் பத்தொன்பது சென்டிமீட்டர், இரண்டாம் வகுப்பு.

அந்தக் காகிதத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. என் மகள் அங்கே பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று ஓர் அரசாங்கம் முத்திரை குத்தி எனக்கு அனுப்பியிருந்தது. நான் உண்மையை எழுதினால் ஜோடி நீக்கப்படும். அடுத்த வருடம் அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட வராது. எழுதவில்லை. என் வீட்டுப் படிவத்தை எடுத்து, மகள், வயது ஏழு, உயரம் நூற்றுப் பதினெட்டு என்று நிரப்பினேன். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் குட்டை. பொய் சொல்லும்போதும் தொழில் நேர்மையை விடவில்லை பாருங்கள்.

அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பெண் என் வீட்டில் குடியேறினாள். மூன்றாம் வகுப்பு போனாள், நான்காம் வகுப்பு போனாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்பாள். அவள் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. முகம் மட்டும் கிடையாது. எனக்கு அவள்மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல்தான். என் குழந்தை மண்ணுக்குள் கிடக்க, இவள் பல் விழுந்து பல் முளைத்து வளர்ந்துகொண்டிருந்தாள். ஆனாலும் அவளைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. சில நாள் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்பது உறைக்கும்வரை காத்து நிற்பேன்.

அவளை வைத்து நான் செய்த வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, அந்தப் பக்கத்து மேசை நாற்காலித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து என் கணவருக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. வீடு, சம்பளம் எல்லாம் சேர்த்து. இவர் போகவில்லை. "இங்க நமக்கு என்ன கொறச்சல்? சொந்தப் பட்டறை இருக்கு, நாலு பேரு தெரியும்" என்றார். அப்போது நானும் சரி என்றுதான் சொன்னேன். அதை நான் வசதியாக மறந்துவிட்டேன். மகள் போன பிறகு, ஒவ்வொரு வருடமும் படிவம் வந்த அன்று சாப்பாட்டு வேளையில் சொல்வேன்.

"அங்க அவ நூத்தி இருபத்தொன்பது. நாலாம் வகுப்பு."

அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"அன்னிக்கே போயிருந்தா நம்ம பொண்ணும் இப்ப நாலாம் வகுப்பு. நீங்கதான் கொன்னீங்க."

இதை நான் உரக்கச் சொன்னதில்லை. உப்பை எடுங்கள் என்கிற குரலில் சொல்வேன். அவர் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. முதல் மாதம் பிறந்ததும் அவரே வந்து, "ஃபாரம் வந்துருச்சா?" என்று கேட்பார். பயந்து கிடக்கிறார் என்று எனக்குள் ஒரு திருப்தி. நடுவில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். சின்னவன் என்று கூப்பிடுவோம், பெரியவள் ஒருத்தி இருந்ததால்.

பத்தாவது வருடம் வந்தது. ஆய்வு முடியப்போகிறது. அந்தப் பக்கத்துப் புள்ளிவிவர ஆபீஸில் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்து நான் விண்ணப்பித்து, தேர்வும் ஆகிவிட்டேன். சின்னவனுக்கு நான்கு வயது. இவனை ஆறு வயதில் நான் இந்த ஊரில் வைத்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். குழந்தையை நாடு மாற்றத் தகப்பன் கையெழுத்து வேண்டும். காகிதத்தை அவர் முன் வைத்தேன்.

"நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அவன நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசி வருஷம் நேர்ல போய்ப் பாக்கறதுக்கு ஆள் அனுப்பறாங்கன்னு சொன்னியே. நீ போ. அந்தப் பொண்ண ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வா. வந்து கேளு, போட்டுத் தரேன்."

கடைசி வருடம் பத்து வீடுகளை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது உண்மைதான். இப்போதைய தலைவர் ஐந்தாவது வருடம் வந்தவர். எதற்கெடுத்தாலும் சராசரி, சராசரி என்பதால் அவருக்குச் சராசரி என்றே பெயர் வைத்திருக்கிறோம். நாற்பத்தொன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன் என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம ஆய்வோட மாதிரி ஜோடியாச்சே! என்ன ஒழுங்கா வளருதுங்க ரெண்டும். ரிப்போர்ட் அட்டைல அதோட வரைபடத்ததான் போட்ருக்கோம்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து இங்கே யாரும் வரவில்லை. அவர்கள் அரசாங்கம் பயணச் செலவுக்குக் கையை இறுக்கிவிட்டதாம். என் அதிர்ஷ்டம்.

பாலம் தாண்டியதும் பஸ் குலுங்குவதை நிறுத்தியது. எனக்கு அதிலேயே கோபம் வந்துவிட்டது. எதிரில் தெரிந்த எல்லாவற்றுக்கும் என்னிடம் ஏற்கெனவே எண் இருந்தது. நடைபாதை உள்ள தெருக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. குப்பை வண்டி வாரத்துக்கு ஆறு நாள். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு ஒரே ஒரு தடவை. பத்து வருடம் காகிதத்தில் படித்த ஊர், ஒரு எண் பிசகாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். நூற்று நாற்பத்தைந்திலிருந்து நூற்று ஐம்பது சென்டிமீட்டர்வரை இருந்த ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் படிவம் நிரப்ப வீடு வீடாகப் போகிறவரை நாங்கள் எறும்பு என்போம். கையெழுத்து அத்தனை பொடி. பல வருடமாகப் போனில் மட்டுமே சண்டை போட்டிருக்கிறோம். நேரில் பார்த்தால் ஆள் ஆறடி. மற்ற வீடுகளுக்கெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டே கூட்டிப்போனவர், நாற்பத்தொன்று என்றதும் நின்றுவிட்டார்.

"அவங்க ஊர்ல இல்லன்னு நெனக்கிறேங்க. நாப்பத்தஞ்சு போலாம். பக்கத்துல. நல்ல குடும்பம்."

"இல்லன்னா கதவு சொல்லட்டும். வாங்க."

"முன்னாடியே சொல்லாம போறது..."

"நாப்பத்தஞ்சுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவர் முன்னால் நடந்தார். முதுகைப் பார்த்தாலே பொய் சொல்கிறவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். அட்டையில் வரப்போகும் வீடு ஆயிற்றே, ஏதோ தண்ணீர் அளவைக் கூட்டி எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கையில் ஈரத்துணி. எறும்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. யாரும் ஒரு கணக்கெடுப்பவரை அப்படி வரவேற்று நான் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் லேட்டு பண்ணிட்டீங்களே! வாங்க, வாங்க. இவங்க யாரு?"

"அந்தப் பக்கத்து ஆபீஸ் மேடம். நேர்ல சரிபாக்க வந்திருக்காங்க" என்றார் எறும்பு, செருப்பைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு அறை, ஒரு கூடம். சுவரோரம் நேர்த்தியாகச் செய்த அலமாரி. கணவர் தொழிற்சாலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். தொழிற்சாலையின் பெயரைக் கேட்டேன். எங்களை அழைத்த அதே தொழிற்சாலை. நாங்கள் வாழாமல் விட்ட வீட்டில் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன், கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே தெரு சத்தமில்லாமல் இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. எதுவோ ஒன்று இல்லை. என் வீட்டில் எந்நேரமும் இருக்கும் அதே இல்லாமை. ஆனால் அதை அங்கே நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் எனக்குப் பிடிபடவும் இல்லை.

படிவத்தை எடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். டக் டக் என்று பதில் சொன்னாள். ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் என்றதற்கு மட்டும் சற்று நின்று, "ஏழு" என்றாள்.

"குழந்தையோட உயரம்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எறும்பின் பக்கம் திரும்பி, வருடா வருடம் கேட்டுப் பழகிய ஒரு கேள்வியைப்போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அங்க எவ்வளவு?"

எறும்பு பேனா மூடியைத் திருகினார்.

"போன வருஷம் அங்க எவ்வளவுன்னு சொல்லுங்க. சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

அப்புறம்தான் நான் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. துணியைக் கையில் சுருட்டினாள்.

"அங்கன்னா எங்க?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "பொண்ணக் கூப்பிடுங்க. நான் நேர்ல அளக்கணும்."

"அவ... அத்தை வீட்டுக்குப் போயிருக்கா."

"அத்தை வீடு எங்க?"

"மேடம்," என்று எறும்பு இடைமறித்தார். "நான் சொல்றேன். தப்பு என்மேலதான். நாலாவது வருஷம் படிவம் எடுத்துட்டுப் போனதுக்கு அப்பறம் அந்தக் குழந்த தவறிடுச்சு. அஞ்சாவது வருஷம் வந்தேன். ஜோடிய எடுத்துடறேன்னு சொன்னேன். இந்தம்மா என் காலப் பிடிச்சுட்டாங்க. எடுத்துட்டா அந்தப் பக்கத்துப் பொண்ணப் பத்தித் தெரியாம போயிடும்னு. ஒரே ஒரு வருஷம்தானேன்னு எழுதினேன். அப்பறம் அடுத்த வருஷமும் கேட்டாங்க."

அவள் அழவில்லை. ரொம்பச் சுத்தமாக, படிவத்துக்குப் பதில் சொல்லும் குரலிலேயே சொன்னாள்.

"காய்ச்சல்தான் மேடம். இழுப்பு வந்துச்சு. ஏழு நிமிஷத்துல வண்டி வந்துச்சு. வாசல்லயே டாக்டர் நின்னாரு. மிஷின், மருந்து, எல்லாம் இருந்துச்சு. எல்லாரும் ஓடினாங்க. யாரும் ஒரு தப்பும் பண்ணல. அதனால யாரையும் திட்டக்கூட முடியல." துணியை மடியில் வைத்துத் தடவினாள். "அப்பறம் இவரு அந்தப் பக்கத்து ஃபாரத்தோட வந்தாரு. அங்க வண்டி வர ஒரு மணி நாப்பது நிமிஷமாம். அந்த ஊர்ல அந்தப் பொண்ணு இருக்கா. வளருறா. அப்ப என் பொண்ணு அங்க பொறந்திருந்தா இருந்திருப்பாளோன்னு... சிரிப்பீங்க. எங்க ஊரப் பாத்துத்தான் எல்லாரும் பொறாமப்படுவாங்க. நான் உங்க ஊரப் பாத்துப் பொறாமப்பட்டேன். அந்தப் பொண்ணு உயரத்தக் கேட்டு ஆறு சேத்து எழுதச் சொல்லுவேன். என் பொண்ணு இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஆறு வளந்தா."

நூற்றுப் பதினெட்டோடு ஆறு. நூற்று இருபத்து நான்கு. அதில் நான் ஒன்றைக் கழித்தேன். அதோடு அவள் ஆறைக் கூட்டினாள். என் தலைக்குள் எண்கள் தானாகவே ஓடின. வருடத்துக்கு ஐந்து, ஐந்து வருடமாகத் துல்லியமாக ஐந்து. எந்தக் குழந்தையும் அப்படி வளராது. ஒரு வருடம் மூன்று வளரும், ஒரு வருடம் எட்டு வளரும், ஒரு வருடம் காய்ச்சலில் கிடந்து வளராமலே இருக்கும். வேறு எவர் படிவமாக இருந்தாலும் முதல் பார்வையிலேயே சிவப்பு வட்டம் போட்டிருப்பேன். இதை மட்டும் நான் சரிபார்க்கவே இல்லை. இரண்டு செத்த குழந்தைகள் ஒன்றின் தோளைப் பிடித்து ஒன்று ஏறிக்கொண்டே போயிருக்கின்றன, நான் மேலே பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

"நீங்க அந்த ஆபீஸ்தானே மேடம்," என்று அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "என்ன வேணா பண்ணுங்க. எடுத்துடுங்க. ஆனா அந்தப் பொண்ண நீங்க பாத்திருக்கீங்களா? எப்படி இருப்பா?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"நான்தான் அந்த வீடு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது எழுந்தே நின்றுவிட்டாள். "அய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதா! கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று எனக்குப் பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நானும் திரும்பிப் பார்த்தேன். அத்தனை ஆசையோடு ஒருத்தி பார்க்கும் இடத்தில் யாராவது இருந்துதானே ஆக வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது. படிக்கட்டுதான் இருந்தது.

சொன்னேன். ஆறு வயது, மழை மாதம், பதின்மூன்றாவது அழைப்பு.

அவள் முகம் சிவந்தது. நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கையிலிருந்த ஈரத்துணியைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"பொய்யா எழுதினீங்க? இத்தன வருஷமா? செத்த கொழந்தைய இருக்குன்னு?"

"நீங்களும்தானே எழுதினீங்க."

"நான் அம்மா! நான் எழுதுவேன். நீங்க செக் பண்றவங்க! உங்கள நம்பித்தானே நான் எழுதினேன்!"

எறும்பு என்னை வெளியே கூட்டிவந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டே இருந்தது படியிறங்கும்வரை கேட்டது. கடைசிப் படியில் உட்கார்ந்து, சரிபார்ப்பவர் குறிப்பு என்ற இடத்தில் இரு பக்கமும் குழந்தை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் தெருவில் எனக்கு வழக்கமாக வரும் கோபம் எல்லாம் அந்தச் சுத்தமான தெருவில் எனக்கு வரவே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதுதான் எனக்கு ஏற்பட்டதிலேயே பெரிய பயம்.

மறுநாள் காலை சராசரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் அச்சுக்குத் தயாரான அட்டை இருந்தது, நாற்பத்தொன்றின் இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். வேலையை விட்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல மனிதர்தான் அவர்.

"அட்டைய மாத்திக்கலாம்மா. விதி ஒன்பது இருக்கே, அதுல எடுத்துடுவோம்" என்றார். பிறகு ஆறுதலாக, "ஐநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. சராசரி மாறாது" என்றார்.

ஆரம்பத்தில் அறுநூறு ஜோடிகள் இருந்தன. கழிந்த எண்பத்தெட்டும் பின்னறையில் கீழ் பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வீடு மாறியவர்கள் எத்தனை பேர், மற்றவை என்ன என்று நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. நாற்பத்தொன்றை அவற்றின் மேல் வைத்துப் பீரோவைச் சாத்தினேன். அது சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை, முழங்காலால் தள்ள வேண்டியிருந்தது.

மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். என் கணவர் ஒரு ஜன்னல் சட்டத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரி மேலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி நேற்றையது.

"நீ வர்றவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு போட்டுட்டேன். நீ சொன்னதுதான் சரி. அவனாவது அங்க இருக்கட்டும்" என்றார். பிறகு, கேட்கலாமா என்று தயங்குவதுபோல, "பாத்தியா? எவ்வளவு இருக்கா இப்ப?" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மனிதரைத் தினம் தினம் கொன்றிருக்கிறேன். இன்றைக்கு விடுவித்துவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான், அதைக் கேட்டதும் ஏழு வருடச் சுமை அவர் தோளிலிருந்து இறங்கிவிடும். அவர் காலில் விழக்கூடத் தயாராகத்தான் போனேன்.

"அந்தப் பொண்ணு இல்லீங்க," என்றேன். "ஏழு வயசுலயே போயிட்டா. அதே காய்ச்சல். ஏழு நிமிஷத்துல வண்டி வந்தும் போயிட்டா. அந்த ஃபாரமெல்லாம் பொய். நாம அன்னிக்கே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பாவி. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் மெதுவாகப் பலகைமேல் உட்கார்ந்தார். நான் நினைத்த நிம்மதி அவர் முகத்தில் வரவில்லை. இத்தனை வருடம் நான் திட்டும்போதெல்லாம் குனிந்தே இருந்த தலை இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மகளைப் புதைத்த அன்று பார்த்த அதே கண்கள்.

"அப்ப அவ எங்கயுமே இல்லையா?" என்றார்.